தாவரக் காப்புரிமையை எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

எந்த நாடு விவசாயத்தில் புதுமை செய்கிறது என்று அளக்க, அமெரிக்கத் தாவரக் காப்புரிமைகளை நாடுவாரியாக எண்ணிப் பட்டியல் போடுவது ஆய்வு மாணவர்களுக்குப் பிடித்த வழி. தரவு இலவசம், தேடுவதும் சுலபம். சென்னைக் கல்லூரிகளில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் செய்தால் வரும் முடிவும் தெரிந்ததுதான்: அமெரிக்காவை விட்டால் நெதர்லாந்து உச்சியில், இந்தியா அதலபாதாளத்தில். கூட்டலில் பிழை இருக்காது. எதைக் கூட்டினோம் என்பதில்தான் கோளாறு.

பலரும் சட்டத்தைப் படிக்காமலே எக்செல்லைத் திறந்துவிடுகிறார்கள். 1930-இல் வந்த அமெரிக்கத் தாவரக் காப்புரிமைச் சட்டம் ஒட்டு, பதியன், போத்து என விதையில்லாமல் பெருக்கிய செடிகளுக்கானது. விதைத்துப் பயிராக்கும் நெல், கோதுமை, பருத்திக்கு இதில் வேலையே இல்லை. உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கை நட்டுப் பெருக்குவதையும் சட்டமே விலக்கிவிட்டது. 1931-இல் முதல் காப்புரிமை பெற்றது ‘நியூ டான்’ என்ற கொடி ரோஜா. இன்றுவரை பூச்செடியும் அலங்காரச் செடியும்தான் பட்டியலை நிறைக்கின்றன. 1966-இல் வெளியாகி ஆசிய வயல்களையே மாற்றிய ஐ.ஆர். 8 நெல்லை இதில் தேடினால் கிடைக்காது.

எண்ணுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆவணத்தையாவது முழுசாகப் படித்துவிடுங்கள். ரோஜா என்றால் கலர் படம் இருக்கும். இதழின் மேல்புறம் என்ன நிறம், அடிப்புறம் என்ன நிறம் என்று லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் வண்ண அட்டை எண்ணோடு எழுதியிருக்கும். முள் எப்படி, இலை எவ்வளவு நீளம் என்று பக்கம் பக்கமாக வரும். கடைசியில் உரிமை கோரும் வாசகம் ஒன்றே ஒன்று: இங்கே காட்டி விவரித்த செடி. பழைய ரகத்தைவிட மகசூல் கூடுதல் என்று நிரூபிக்கச் சட்டம் கேட்பதில்லை. புதிதாக, வேறுபட்டதாக இருந்தால் போதும்.

நம் மரபுப் பொருள்களுக்கு வெளிநாட்டில் கொடுத்த காப்புரிமைகளை எதிர்த்த மஞ்சள், வேம்பு, பாஸ்மதி வழக்குகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதும் நிறைய நடக்கிறது. மஞ்சள் காப்புரிமை 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டு, இந்தியா எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது. அது மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்குக் கொடுத்தது, செடிக்கு அல்ல. இன்னொரு பக்கம், 1985-க்குப் பிறகு அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா ரகங்களுக்குச் சாதாரணக் கண்டுபிடிப்புக் காப்புரிமையே கிடைக்கிறது. தாவரக் காப்புரிமையை மட்டும் எண்ணினால் பெரிய விதை நிறுவனங்களின் வேலையில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம். காப்புரிமை அலுவலகமும் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் கிண்டியிலேயே இருப்பதாலோ என்னவோ, 2013-இல் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு ‘பேட்டன்ட் கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். மல்லியைப் புதிதாக யாரும் உருவாக்கவில்லை. ஊருக்கும் பூவுக்கும் உள்ள தொடர்புக்குத்தான் அந்தப் பதிவு.

இந்தியாவின் சொற்ப எண்ணிக்கையைப் பார்த்துத் தலையில் கை வைக்கவும் வேண்டாம். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடிகளுக்கும் விதைகளுக்கும் காப்புரிமையே கிடையாது என்கிறது. அதற்குப் பதிலாகத்தான் 2001-இன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வந்தது. அதில் உழவர்களே தங்கள் ரகத்தைப் பதியலாம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ 0238 ரகம் 2009-இல் வெளியாகி உத்தரப்பிரதேசக் கரும்புக் காடுகளையே பிடித்துக்கொண்டது. கரும்பு கரணை நட்டு வளர்வது, அதாவது விதையில்லாப் பெருக்கம்தான். ஆனாலும் அமெரிக்காவில் விற்கும் எண்ணம் இல்லாதவர் அங்கே போய்ப் பணம் கட்டி ஏன் பதிய வேண்டும்?

சில்லறைத் தவறுகளும் உண்டு. உருவாக்கியவர் ஒரு நாட்டில் இருப்பார், உரிமை வைத்திருக்கும் நிறுவனம் இன்னொரு நாட்டில். எதை எண்ணினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். விண்ணப்பித்த ஆண்டையும் வழங்கிய ஆண்டையும் கலக்காதீர்கள்.

சரி, அப்போது இந்த எண்ணிக்கை எதற்குத்தான் உதவும்? ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வளரும் கொய்மலர் ரோஜாக்களில் பல, வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கிய ரகங்கள். அந்த மாதிரிப் பூ ரகங்களை அமெரிக்கச் சந்தைக்காக யார் உருவாக்குகிறார்கள், போட்டி எந்த நாடுகளுக்குள் என்று கேட்டால், இந்தத் தரவு நன்றாகவே பதில் சொல்லும். நெல்லையும் துவரையையும் பற்றி அதனிடம் கேட்காதீர்கள்.