சிங்கத்தின் பிடரியில் நான்கு பேரடைகள்: ஹிக்சன் 44

வானியலாளர் போல் ஹிக்சன் 1982இல் நெருக்கமான பேரடை (கலக்சி) குழுக்கள் நூறைப் பட்டியலிட்டார். புதியவர்கள் சிங்க விண்மீன் கூட்டத்திலுள்ள 44ஆவதில் தொடங்குங்கள். மாரி ஓய்ந்த மார்ச் மாத அமாவாசையில் அது திருகோணமலைக்கு உச்சியருகே வரும். குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர் கொண்ட 8 அங்குல டொப்சோனியன் தொலைகாட்டியும் 25, 10 மில்லிமீற்றர் ஐபீஸ்களும் (கண்வைத்துப் பார்க்கும் வில்லைகள்) போதும்.

1. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் வெளிச்சத்தைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போங்கள். மணலில் தொலைகாட்டி புதையும். அடியில் பிளைவூட் பலகை போடுங்கள். கண்ணாடியில் உப்பு ஈரம் படிந்தால் துணியால் துடைக்கவே வேண்டாம், பூச்சு கீறுப்படும்.

2. மார்ச் நடுவில் இரவு 9 மணியளவில் பாருங்கள். குழு வடகிழக்கே 60 பாகை உயரத்தில் நிற்கும். 10.45க்கு 77 பாகை. அந்த உயரத்தில் டொப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்புவது சிரமம்.

3. அரை மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். ஒரு தடவை போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

4. சிங்கத்தில் மகம் விண்மீன் இருக்கும் அரிவாள் வடிவத்தில் காமா, சீற்றா விண்மீன்களைப் பிடியுங்கள். 10 மில்லிமீற்றரில் காமா இரண்டு மஞ்சள் விண்மீன்களாகப் பிரியவேண்டும். பிரியாவிட்டால் குவியமோ கண்ணாடிகளின் நேரமைப்போ பிழை. அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள். காமாவுக்கும் சீற்றாவுக்கும் இடைவெளி 3.7 பாகை. நடுவில், சற்றே சீற்றா பக்கமாக, 25 மில்லிமீற்றரில் தேடுங்கள்.

5. பேரடையின் மங்கல் ஒளி தெரிந்ததும் 10 மில்லிமீற்றருக்கு மாறுங்கள். 120 மடங்கில் பின்னணி வானம் கறுக்கும், நான்கும் ஒரே புலத்தில் அடங்கும். மங்கலை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்: விழித்திரையின் நடுவில் மங்கொளியை உணரும் கோல்கலங்கள் இல்லை. வலக்கண்ணால் பார்ப்பவர் பார்வையைப் பேரடைக்குச் சற்று வலப்பக்கம் வைக்கவேண்டும், இடக்கண்ணென்றால் இடப்பக்கம். மாறிவைத்தால் பேரடை கண்ணின் குருட்டிடத்தில் (ஒளியை உணராத இடம்) விழும். தலைக்குமேல் கறுப்புத் துணி போர்த்தி, குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடிக்கும்.

முதலில் தெரிவது என்ஜிசி (வான்பொருள் பட்டியல்) எண் 3193: உருண்டை, பக்கத்தில் ஒரு விண்மீன். அடுத்து 3190, நீண்டு மெலிந்தது. 3185க்குப் பொறுமை வேண்டும். நெபுலா (வாயு முகில்) பார்க்க உதவும் வடிகட்டி வாங்கிக் காசை விடாதீர்கள். பேரடையின் ஒளி விண்மீன்களின் ஒளிதான், வடிகட்டி அதையும் சேர்த்தே வெட்டும்.

3187 ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) 13ஐத் தாண்டியது, ஒளியும் பரந்து கிடக்கிறது. 8 அங்குலத்தில் தெரியாவிட்டால் உங்கள் கண்ணில் குறையில்லை. 12 அங்குலத்தில் தேடுங்கள்.