திங்கள்கிழமை மீட்டிங்கை வழிக்குக் கொண்டுவந்த விதம்

சோழிங்கநல்லூரில் எங்கள் டீமின் திங்கள்கிழமை மீட்டிங் காலை 10 மணிக்கு என்று பெயர்தான். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரைத் தாண்டி ஆட்கள் வந்து சேரவே பத்தரை ஆகும். அப்புறம் ஒவ்வொருவரும் போன வார வேலையை ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் போனைத் தடவுவார்கள்.

பொறுப்பு என்னிடம் வந்ததும் நேரத்தை 11.30-க்குத் தள்ளினேன். பின்னாலேயே சாப்பாட்டு நேரம் என்பதால் யாரும் பேச்சை இழுப்பதில்லை. ஒப்பிக்கும் சங்கதியெல்லாம் வெள்ளிக்கிழமையே ஷீட்டில் ஏறிவிட வேண்டும். அமேசானில் ஸ்லைடு போடாமல், எழுதிய குறிப்பை முதலில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கம் உண்டு. அதையே சின்ன அளவில் எடுத்துக்கொண்டேன்: முதல் பத்து நிமிடம் ஷீட்டைப் படிப்பது மட்டும். பேசத் துடிக்கும் எங்கள் மேனேஜருக்கு அதுதான் பெரிய தண்டனை!

உண்மையில் பலன் தந்தது அஜெண்டா எழுதும் விதம். ‘சர்வர் மாற்றம்’ என்று மட்டும் இருந்தால் ஊர்க்கதை ஓடும். ‘சர்வரை இந்தச் சனிக்கிழமை மாற்றலாமா, பொங்கல் கழித்தா?’ என்று கேட்டு எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். முடிவு, செய்பவர் பெயர், தேதி மூன்றையும் எல்லோர் கண் முன்னே ஷீட்டில் தட்டிவிட்டுத்தான் எழுவோம். கேள்வியே இல்லாத வாரம் மீட்டிங்கை ரத்து செய்துவிடுகிறேன்; அதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை.