ஆவணிப் பிற்பகலில் தூண்டில்: மேற்கே பார்க்க மறக்காதீர்கள்

ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பரும் சென்னைக்குத் தெற்கே கரையோரத் தூண்டிலுக்கு அருமையான காலம். கோவளத்தில் கடற்காற்று எழுந்ததும் வெக்கை தணியும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மடவை துள்ளும், அதைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும். ஆனால் வானத்தைத் துளியும் நம்ப முடியாத காலமும் இதுதான். இந்த மாதங்களில் கரையில் காணும் தவறுகளில் மோசமானவை எல்லாம் ஒரே காரணத்தால் நேர்கின்றன. தூண்டில்காரர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். மழை மேற்கிலிருந்து வருகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று முடியாத நாட்கள் இவை. பகல் முழுக்க வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் நிலம் காய்கிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்கிலிருந்து வீசும் காற்றோடு மோதுகிற இடத்தில் மேகம் கோபுரமாக எழும்புகிறது. மேலடுக்கில் வீசும் காற்று அதைக் கரை நோக்கித் தள்ளிவருகிறது. மாலை மங்கும் நேரத்திலோ இரவிலோ அது கடற்கரையை எட்டிவிடும். கடலுக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கும். முதுகுக்குப் பின்னால் பாதி வானம் கறுத்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது திரும்பி மேற்கே பாருங்கள். உச்சி தட்டையாக விரிந்து, அடி கருநீலமாக இருக்கும் மேகம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கலாம்.

அடுத்த தவறு, காற்று நின்றதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது. சீராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்த கடற்காற்று திடீரென்று அடங்கிப் புழுக்கம் கூடினால், சற்று நேரத்தில் பின்னாலிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று அறையக்கூடும். இடிமேகத்திலிருந்து கீழே விழுந்து பரவும் காற்று அது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர அலையைத் தட்டையாக்கிவிடும். பார்ப்பதற்குக் கடல் சாதுவாகிவிட்டது போலிருக்கும். சிறு ஃபைபர் படகிலோ கயாக்கிலோ இருப்பவர்களுக்கு இதைவிட ஆபத்தான நேரம் கிடையாது: காற்று வெளிக்கடலுக்கே தள்ளும், துடுப்புப் போட்டு எதிர்த்து வருவது பெரும்பாடு. கயாக்கில் போகிறவர்கள் காற்று அடங்கிய அந்த இடைவெளியிலேயே கரை சேர்ந்துவிட வேண்டும். உயிர்காப்பு உடுப்பைக் கழற்றிக் காலடியில் போட்டுக்கொண்டு மீன் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இடி கேட்டால் போகலாம் என்று காத்திருப்பதும் தவறு. அலைச் சத்தத்தில் தொலைதூர இடி காதில் விழாது. மின்னலோ மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும். மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் கேட்டுவிட்டால் ஏற்கெனவே ஆபத்து எல்லைக்குள் நிற்கிறீர்கள். இன்று கடைகளில் விற்கும் தூண்டில் கோல்களில் பெரும்பாலானவை கார்பன் இழையால் ஆனவை, அது மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளி மணலில், ஈரக்காலோடு, பத்தடிக் கோலைத் தூக்கிப் பிடித்து நிற்பவரைவிட உயரமான பொருள் சுற்றுவட்டாரத்தில் எதுவுமில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சவுக்குத் தோப்புக்குள் ஓடக் கூடாது, ஓலைக் கொட்டகையும் பாதுகாப்பில்லை. கண்ணாடி ஏற்றிய கார் அல்லது கான்கிரீட் கட்டடம்தான் இடம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை மணலுக்குத் திரும்ப வேண்டாம். வெளிச்சம் மங்கும்போது கொடுவா கரையோரம் வரும் என்பதால்தான் பலர் ‘இன்னும் ஒரே ஒரு வீச்சு’ என்று நிற்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. இருந்தாலும் அந்த மீன் நாளையும் அங்கே இருக்கும்.

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்ற வரியைத் தினமும் கேட்டுப் பழகி, அதைக் காதில் வாங்காமலே போகிறோம். சென்னை வானிலை மையத்தின் ரேடார் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, பிறகு கரையில் நின்றபடி அரைமணிக்கு ஒருமுறை பார்த்தாலே மேகக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறதென்று புலப்படும். புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் விழுவதைத் தெரிவிக்கும்.

கழிமுகத்தில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உள்நாட்டில் மழை பெய்த மறுநாள், நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஓட்டம் கடுமையாக இருக்கும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் கோட்டில் மீன் நிற்கும் என்பது உண்மைதான். அதற்காக மணல் விளிம்பின் நுனிவரை போகக் கூடாது. ஓட்டம் அடியில் மணலை அரித்துக்கொண்டே இருக்கும்; மேலே பார்த்தால் கெட்டியான தரை. விளிம்புக்கு இணையாக முடியளவு விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அந்தத் திட்டு அப்படியே சரிந்து தண்ணீரில் விழப்போகிறது. நான்கைந்து அடி பின்னால் நின்று வீசினாலும் இரை அதே இடத்தில்தான் விழும்.

வீசும் தூரத்தைப் பற்றிய மயக்கமும் இங்கே அதிகம். எதிர்க்காற்றில் கனத்த ஈயக்குண்டைக் கட்டிப் பலங்கொண்ட மட்டும் எறிவார்கள். கரையை ஒட்டிய மணல்மேட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் கிழங்கான் மேய்கிறது. முதல் வீச்சை அங்கே, கிட்டத்தில் போடுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் பளபளக்கும் செயற்கை இரையை விட்டுவிட்டு, வாசனையுள்ள கணவாய்த் துண்டையோ புது இறாலையோ தூண்டில் முள்ளில் கோத்துவிடுங்கள்.

கிடைத்த மீனை வாளித் தண்ணீரில் மணிக்கணக்கில் போட்டு வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரும். ஐஸ் பெட்டியில் மீன் எடைக்குச் சமமாகவாவது ஐஸ் இருக்கட்டும். பேத்தை மாட்டினால் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுங்கள், அதன் நஞ்சும் சமையலில் அழியாது. கெளிறு மாட்டினால் மழை அவசரத்தில் வெறுங்கையால் பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று நஞ்சுமுள் அதற்கு உண்டு. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாதபடி பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணிக்குக் குறையாமல் கையை அமிழ்த்தினால் வலி குறையும். வீக்கம் ஏறினாலோ முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ அன்றிரவே மருத்துவரிடம் காட்டுங்கள்.