உறுமி மேளப் போட்டிக்குப் புள்ளி போடுவது எப்படி, குழு நிலைக்குமா என்று பார்ப்பது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழாவோ இளைஞர் மன்ற விழாவோ வந்தால் உறுமி மேளப் போட்டி வைக்காமல் இருக்க முடியாது. மேடைக்கும் லைட்டுக்கும் ஒய்.பி. (தொகுதி மக்கள் பிரதிநிதி) எத்தனை மணிக்கு வருவார் என்பதற்கும் ஒரு மாதம் முன்னாலேயே கூட்டம் போடுகிறோம், ஆனால் நீதிபதி யார், புள்ளி எப்படி என்பதை மட்டும் அன்று சாயங்காலம் தே தாரே குடித்துக்கொண்டே முடிவு செய்கிறோம். அப்புறம் ராத்திரி முடிவு சொன்னதும் திடலில் தள்ளுமுள்ளு. போட்டி நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். வாசிக்கிற தம்பிமாரும் படித்தால் நல்லது.

இதில் நமக்கு முன்னால் அடிபட்டு அனுபவப்பட்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். டிரம் கோர் என்பார்கள். பித்தளை ஊதுகருவி, முரசு, கொடி சுழற்றுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து கால்பந்துத் திடலில் அணிவகுத்துக்கொண்டே வாசிக்கும் இளைஞர் குழுக்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1972-லிருந்து இவர்களுக்குச் சாம்பியன் போட்டி நடத்துகிறது. யூடியூப்பில் நிறைய கிடக்கும், பாருங்கள். நான் அதிகம் பார்ப்பது அவர்களுடைய புள்ளித்தாளைத்தான்.

மொத்தம் 100. அதில் 40 ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு, 30 இசைக்கு, 30 கண்ணுக்குத் தெரிவதற்கு. இசைக்குள் ஊதுகருவிக்கு ஒரு நீதிபதி, முரசுக்கு ஒருவர், முழு இசையும் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க இன்னொருவர். ஆளுக்கு 20, கூட்டிப் பாதியாக்கினால் 30. காட்சிக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு தாளும் மறுபடி இரண்டாகப் பிரியும். என்ன வாசிக்க எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு பாதி, அதை எப்படி வாசித்தார்கள் என்பதற்கு மறுபாதி. நம் போட்டிக்கு வேறு எதை எடுக்காவிட்டாலும் இந்த இரண்டு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமான அடியைச் சுத்தமாக அடித்த குழுவும், கஷ்டமான நடையை எடுத்துக் கொஞ்சம் தடுமாறிய குழுவும் ஒரே புள்ளிக்கு வந்து நிற்கும்போது எந்த இடத்தில் யார் மேலே என்று காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

1983 வரை அவர்களும் தவறு எண்ணிப் புள்ளி வெட்டுகிறவர்களாகத்தான் இருந்தார்கள். ஒரு பிழைக்கு 0.1 போய்விடும். அப்படி வெட்டினால் பயல்கள் என்ன செய்வார்கள்? பிழை வராத அடியாகப் பார்த்து எடுப்பார்கள். 1984-லிருந்து அந்த முறையை விட்டுவிட்டு, செய்ததற்குப் புள்ளி ஏற்றிக்கொண்டு போகும் முறைக்கு மாறினார்கள். நம் பக்கம் இன்னமும் குச்சி விழுந்தால் இரண்டு போச்சு, சட்டை வெளியே வந்தால் ஒன்று போச்சு என்று உட்கார்ந்திருக்கும் நீதிபதிகள் உண்டு. குச்சி விழுந்ததா என்பதில் என்ன இருக்கிறது? விழுந்த பிறகு பக்கத்தில் நின்றவன் அந்த அடியைத் தாங்கினானா, தாளத்தின் காலம் ஆடியதா என்று கேளுங்கள்.

நம் ஊருக்கு ஏழெட்டு நீதிபதி கிடைக்க மாட்டார்கள். மூன்று பேர் போதும், ஆனால் மூன்று பேரும் எல்லாவற்றுக்கும் புள்ளி போடக் கூடாது. ஒருவர் வாத்தியத்தை மட்டும் கேட்கட்டும், 50 புள்ளி. இன்னொருவர் மொத்தமாக நிகழ்ச்சி எப்படி இருந்தது, எங்கே ஏறி எங்கே இறங்கியது, கூட்டத்தை எப்படிப் பிடித்தது என்று பார்க்கட்டும், அதற்கு 35. உடை, வரிசை, அசைவுக்கு மூன்றாமவர், 15 போதும். அமெரிக்காவில் காட்சிக்கு 30 என்றால் அவர்கள் திடல் முழுக்க ஓடிக்கொண்டே வாசிக்கிறார்கள், நியாயம். இங்கே 30 கொடுத்தால் மேளம் பழகுவதை விட்டுவிட்டுப் புகை மிஷின் வாடகைக்குத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நேரத்துக்கு நான்காவதாக ஒரு ஆள் கடிகாரத்தோடு தனியாக இருக்க வேண்டும். தாமதம், கூடுதல் நிமிடம், விதிமீறல் எல்லாம் அவர் வேலை. நீதிபதிகள் அதைத் தொடவே கூடாது. சட்டையிலும் கொடியிலும் குண்டர் கும்பல் அடையாளமாக எண் அச்சிட்டு வரக் கூடாது என்பதையும் அவருடைய விதித்தாளில் சேர்த்துவிடுங்கள், ஏன் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதிகச் சண்டை வருவது முதல் குழுவுக்குப் போடும் புள்ளியால். எட்டு மணிக்கு முதலில் ஏறிய குழு நன்றாக அடித்தது, நீதிபதி உற்சாகத்தில் 50-க்கு 47 போட்டுவிட்டார். பத்து மணிக்கு அதைவிட நல்ல குழு வருகிறது, 48. கடைசியில் உண்மையிலேயே பிரமாதமாக ஒரு குழு வந்தால் போட இடமே இல்லை, எல்லாம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். அதனால் எண்ணுக்கு முன்னால் பெட்டி முடிவு செய்யுங்கள். 50-ஐ ஐந்தாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்: பத்துக்குக் கீழே என்றால் சேர்ந்து வாசிக்கவே தெரியவில்லை, முப்பதுக்கு மேலே என்றால் பெரும்பாலும் ஒன்றாக இருக்கிறது ஆனால் வேகம் மாறும்போது உடைகிறது, நாற்பதுக்கு மேலே என்றால் மாறும்போதும் உடையவில்லை, இப்படி. நீதிபதி முதலில் பெட்டியைச் சொல்ல வேண்டும், அப்புறம் பெட்டிக்குள் எங்கே என்று எண். இரண்டாவது குழுவிலிருந்து, முன்னால் வந்தவர்களில் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்பதையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போகட்டும். கடைசியில் வரிசையும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தூக்கக்கலக்கத்தில் புள்ளி போட்டிருக்கிறார் என்று அர்த்தம். தாளைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் முன் அவரே சரிபார்த்துக்கொள்ளலாம். கொடுத்த பிறகு யாரும் திருத்தக் கூடாது, தலைவராக இருந்தாலும் சரி.

சமபுள்ளி வந்தால் என்ன என்பதையும் விதித்தாளில் முன்கூட்டியே எழுதுங்கள். அமெரிக்கர்கள் 1996, 1999, 2000 மூன்று ஆண்டிலும் முதல் பரிசை இரண்டு குழுக்களுக்குப் பகிர்ந்தே கொடுத்தார்கள். 2008-ல் ஃபான்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100, வித்தியாசம் 0.025 தான், அதையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நமக்குத் தசமம் வேண்டாம். சமம் என்றால் வாத்தியப் புள்ளி அதிகம் உள்ளவருக்கு முதலிடம் என்று ஒரே வரி போதும்.

சரி, வாத்திய நீதிபதி எதைக் கேட்க வேண்டும்? சத்தத்தை அல்ல. சத்தம் எல்லாக் குழுவிடமும் இருக்கிறது. முதலில் ஜால்ராவைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். உறுமியில் வளைந்த குச்சியால் தேய்க்கும் பக்கத்தை அடுத்துக் கேளுங்கள். அந்த உறுமல் ஒரே நீளத்துக்கு, ஒரே கனத்தில் வருகிறதா, இல்லை ஒவ்வொருவனும் அவனவன் இஷ்டத்துக்கு இழுக்கிறானா? ஐந்து உறுமி இருந்தும் ஒன்றுபோலக் கேட்டால் அந்தக் குழு வாரத்துக்கு எத்தனை நாள் பழகுகிறது என்று விசாரிக்கத் தேவையில்லை. அடுத்து, மெதுவாக வாசிக்கும் இடம். வேகமாக அடிக்கும்போது பிழை மறைந்துவிடும், மெல்ல வாசிக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். மெதுவான பகுதியே வைக்காத குழுவுக்கு 'என்ன எடுத்துக்கொண்டார்கள்' என்ற பாதியில் கைவைக்கத் தயங்காதீர்கள். அப்புறம் பின்வரிசையில் நிற்கும் சின்னப் பையன். முன்னால் நிற்கும் அண்ணன்மார் எப்படியும் நன்றாகத்தான் அடிப்பார்கள், குழுவின் தரம் அந்தக் கடைசிப் பையனின் கையில் தெரியும்.

இன்னொன்று, மழை. பேராக்கில் மத்தியானம் மழை அடித்துவிட்டால் ராத்திரி தோல் தொய்ந்துபோய் மேளம் தட்டைச் சத்தம் போடும். தோல் கட்டிய குழு அட்டைப்பெட்டியைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது, பிளாஸ்டிக் தோல் போட்ட குழு கவலையில்லாமல் இருக்கும். இது நீதிபதி புள்ளியில் சரிக்கட்ட வேண்டிய விஷயம் இல்லை. காய்ச்சுவதற்கு நேரமும் இடமும் கொடுப்பது நடத்துகிறவர் பொறுப்பு, எல்லாக் குழுவுக்கும் ஏறுவதற்கு முன் அதே நேரம் கொடுத்துவிட வேண்டும். நீதிபதிகளை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் மேலே சொன்ன எதையும் கேட்க முடியாது. மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், உயரமாக ஒரு இடம். மேளத்துக்கு மைக் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

சொந்தக்காரர் பிரச்சினைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான்தான். வாத்திய நீதிபதியை மட்டுமாவது கெடா, நெகிரி செம்பிலான் போன்ற வெளிமாநிலத்திலிருந்து கூப்பிடுங்கள், பெட்ரோல் காசு கொடுத்தால் வருவார்கள்.

டிரம் கோர் நீதிபதிகள் நிகழ்ச்சி நடக்கும்போதே பேசிப் பதிவு செய்கிறார்கள், அந்தப் பதிவு குழுவுக்குப் போகிறது. நம் கையிலும் போன் இருக்கிறது. 'இந்த இடத்தில் உறுமி முந்துது, இப்போ சேர்ந்துட்டாங்க, நல்லா இருக்கு' என்று நீதிபதி பேசிய பதிவை மறுநாள் வாட்ஸ்அப்பில் குழுத் தலைவருக்கு அனுப்பிவிடுங்கள். தோற்ற குழு அதைக் கேட்டால் பாதிக் கோபம் போய்விடும். பேசத் தெரியாத நீதிபதி அடுத்த ஆண்டு தானாகவே வர மாட்டார், அதுவும் ஒரு நன்மை.

இனி குழுவின் ஆயுள். கோப்பை வாங்குகிற குழு நிலைத்துவிடும் என்று நினைப்பவர்கள் தி கேடட்ஸ் என்ற டிரம் கோர் குழுவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் 1934-ல் ஆரம்பித்த குழு, பத்து முறை சாம்பியன். 2018-ல் பல ஆண்டுகளாக அதை நடத்திவந்த இயக்குநர் மீது பெண்கள் பாலியல் புகார் சொல்ல, அவர் விலகினார். அப்புறம் பணநெருக்கடி, பழைய காலத்துக் கொடுமை ஒன்றுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, கடைசியில் 2024-ல் மூடிவிட்டார்கள். சான்டா கிளாரா வான்கார்ட் 2018-ல் சாம்பியன், 2023-ல் பணம் சரியில்லாமல் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்துவிட்டு 2024-ல் திரும்பி வந்தது. இந்த இரண்டு குழுவின் புள்ளித்தாளையும் எடுத்துப் பார்த்தால் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி தெரியாது. தெரியவும் கூடாது, நீதிபதி அன்றைக்குக் கேட்டதற்குத்தான் புள்ளி போட வேண்டும்.

அதனால் 'ஒழுக்கம் 10 புள்ளி', 'நிர்வாகம் 5 புள்ளி' என்று புள்ளித்தாளில் சேர்க்காதீர்கள், அது நீதிபதிக்குப் பிடித்த குழுவுக்குப் போகும் வழியாகத்தான் முடியும். அந்தக் கேள்விகளைப் பதிவுப் பாரத்தில் கேளுங்கள், பதில் இல்லாதவர்கள் மேடை ஏற வேண்டாம். மேளம் யாருடைய சொத்து? ஒரே ஆள் வாங்கி அவர் வீட்டுப் பின்னால் வைத்திருந்தால், அவர் கோபித்துக்கொண்டு போகிற அன்று குழுவும் போய்விடும். பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்து உண்டா, கல்யாண வீட்டில் வாசித்த காசுக்கு ரசீது உண்டா? தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிய பணத்தில் தோட்டம் வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது, இங்கே ஒரு மேளக் குழுவிடம் ரசீதுப் புத்தகம் இல்லை என்றால் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருந்தால் இன்னும் நல்லது, மானியம் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்வியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பதிமூன்று வயசுப் பையனையும் பெண்ணையும் வேனில் ஏற்றி ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் விடுகிறார்கள். கூடவே வருகிற பெரியவர்கள் யார், பெற்றோர் கையெழுத்து எங்கே, ஏதாவது நடந்தால் குழுத் தலைவரைத் தாண்டி யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயரும் போன் எண்ணும் பாரத்தில் இருக்க வேண்டும். 'எங்க அண்ணன் நல்லவரு' என்பது பதில் இல்லை.

அடுத்த வரிசை இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரம் கோரில் 22 வயசோடு வெளியேறிவிட வேண்டும், அதனால் ஆண்டுதோறும் புது ஆள் எடுத்துப் பழக்கியே ஆக வேண்டும். நமக்கு அப்படி விதி இல்லை, ஆனால் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் பையன்கள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பிரிந்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வாசித்தால் அது குழு இல்லை. மேடையில் குறைந்தது மூன்று பேர் பதினாறு வயசுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பாரத்திலேயே போட்டுவிடுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் தம்பிமாரைத் தேடிப் பிடித்துப் பழக்குவார்கள்.

பரிசுப் பணத்தை முழுசாக முதல் மூவருக்குக் கொட்டாதீர்கள். பாதியை எடுத்து வருகிற எல்லாக் குழுவுக்கும் வேன் காசாகப் பிரித்துக் கொடுங்கள். மீதியில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, அடுத்த ஆண்டு அதே பெயரில், கணக்கு நோட்டோடு திரும்பி வந்து பதிகிற குழுக்களுக்குக் கொடுங்கள். காசைப் பொருளாளர் கையில் வைக்காமல் மன்றத்தின் பேங்க் கணக்கில் போட்டு, பதிவு நாளன்று எல்லோர் முன்னாலும் எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.