ஏற்காடு அரங்கில் பதில் சொல்லாத புரொஜெக்டர்

ஏற்காட்டில் ஓர் அரங்கு. கூரையில் தொங்கும் புரொஜெக்டரைக் கீழே உள்ள கணினியிலிருந்தே ஆன் செய்ய வேண்டும். கட்டளை அனுப்ப சீரியல் கேபிள் போட்டேன், பதிலே இல்லை. இரண்டு பக்கமும் வேகம் 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். எல்லாம் சரி. அப்புறம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், கேபிளில் பின் 2-க்கு 2, பின் 3-க்கு 3 என்று நேராகப் போகிறது. ஒரு பக்கம் அனுப்பும் கம்பி மறுபக்கம் வாங்கும் பின்னில் சேர வேண்டுமே! கனெக்டரைத் திறந்து, இரண்டையும் மாற்றிப் பற்றவைத்ததும் பதில் வந்துவிட்டது. அப்போதுதான் மூச்சே வந்தது.

நெட்வொர்க் வழியாகவும் இயக்கலாம் என்று பார்த்தால், அதில் வேறு தொல்லை: புரொஜெக்டரை ஆஃப் செய்தால், இணைப்பைச் சோதிக்கும் பிங்கூட போகாது. மெனுவில் ஸ்டாண்ட்பையிலும் நெட்வொர்க் இயங்கும்படி மாற்றி, ஐபி முகவரியை மாறாதபடி நிலையாகக் கொடுத்தேன். நெட்வொர்க் வழியே புரொஜெக்டரை இயக்கும் பொது நெறிமுறையான பிஜேலிங்குக்கு (PJLink) போர்ட் 4352. இப்போது ஏணி தேவைப்படுவதில்லை.