நிபா புரதமும் காயில்ட் காயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தாலே வாளையார் சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் உயிர்வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளும் அப்போது வைரஸ் புரதங்களைப் பற்றி ஆர்வமாகக் கேட்பார்கள். காயில்ட் காயில் (இரண்டோ அதற்கு மேலோ புரதச் சுருள்கள் கயிறு போலப் பின்னிக்கொண்ட வடிவம்) என்று வந்ததும் மட்டும் ஒரே மாதிரித் தவறுகள்.

புரதச் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருண்ட ஆல்ஃபா சுருளைப் பார்த்ததுமே காயில்ட் காயில் என்று எழுதிவிடுகிறார்கள். தனிச் சுருள் வலப்பக்கம் திரும்பும். இரண்டு மூன்று சுருள்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும்போது அந்தப் பெரிய முறுக்கு பெரும்பாலும் இடப்பக்கம் போகும். தேங்காய் நார்க் கயிற்றில் இழையை ஒரு பக்கமும் புரியை எதிர்ப்பக்கமும் முறுக்குவது போலத்தான்.

அப்புறம், லூசின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் தேடுவது. அமினோ அமிலங்களை ஏழு ஏழாகப் பிரித்து, இடங்களுக்கு ஏ முதல் ஜி வரை பெயர் வையுங்கள். ஏ, டி இரண்டிலும் நீரை ஒதுக்கும் அமிலங்கள் இருக்கும்; அது ஐசோலூசினாகவோ வேலினாகவோ கூட இருக்கலாம். எது எங்கே என்பதும் முக்கியம். யீஸ்ட்டின் ஜிசிஎன்4 புரதத்தில் 1993-இல் செய்த சோதனையில், ஏ-வில் ஐசோலூசினும் டி-யில் லூசினும் வைத்தபோது இரண்டு சுருள் சேர்ந்தது. இரண்டிலும் ஐசோலூசின் என்றால் மூன்று. ஏ-வில் லூசின், டி-யில் ஐசோலூசின் என்றால் நான்கு. ஆகவே வைரஸ் என்றால் மூன்று என்று மனப்பாடம் செய்யாதீர்கள். நிபா வைரஸ் செல்லோடு இணைய உதவும் எஃப் புரதத்தில் மூன்று, அதன் மரபணுவை நகலெடுக்க உதவும் பி புரதத்தில் நான்கு.

இவற்றைவிடப் பெரிய தவறு, ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இதுதான் வடிவம் என்று முடிவு கட்டுவது. எஃப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன், அதன் மூன்று சங்கிலிகளிலும் உள்ள ஹெச்ஆர்பி என்ற பகுதிகள் மூன்றும் சேர்ந்து அடித்தண்டாக நிற்கின்றன. ஹெச்ஆர்ஏ என்ற இன்னொரு பகுதி தலைப்பாகத்தில் துண்டு துண்டாக மடங்கிக் கிடக்கிறது. அப்போது அது காயில்ட் காயிலே இல்லை. தூண்டுதல் கிடைத்ததும் அது நீண்ட மூன்று சுருளாக எழும்புகிறது. அடித்தண்டு பிரிந்து, ஹெச்ஆர்பி எதிர்த்திசையில் வந்து அதன் பள்ளங்களில் படிகிறது. மொத்தம் ஆறு சுருள் கொண்ட கட்டு. வைரஸின் சவ்வும் நம் செல்லின் சவ்வும் ஒன்றாவது இந்த மடிப்பின் விசையால்தான். வரிசை அதேதான், வடிவம் வேறு. எனவே விடைத்தாளில் முன்நிலையா (இணைவதற்கு முன்) பின்நிலையா (இணைந்த பின்) என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

தடுப்பூசி வடிவமைப்பிலும் இதே கேள்விதான். பல கொரோனா தடுப்பூசிகளில் ஸ்பைக் புரதத்தின் 986, 987 இடங்களில் சுருளை உடைக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். அங்கே சுருள் நீண்டு எழாமல், புரதம் முன்நிலையிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக.