கன்ட்ரி டான்ஸ் முகாம்: ஆசிரியர்களும் இசைக்கலைஞர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கன்ட்ரி டான்ஸ் ஒரு கூட்டு நடனம். ஜோடிகள் எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசைகளாகவோ, வட்டமாகவோ, சதுரமாகவோ நின்று, மேடையில் நேரடியாக வாசிக்கப்படும் இசைக்கு ஆடுவார்கள். லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்ட் 1651இல் வெளியிட்ட தொகுப்பில் இத்தகைய நடனங்கள் 105 அச்சேறின. அவற்றின் சுருக்கமான குறிப்புகளைப் படித்துப் பொருள்கண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஆடவைத்தவர் இங்கிலாந்தின் நாட்டார் இசை, நடன ஆய்வாளர் செசில் ஷார்ப். 1911இல் அவர் நிறுவிய சங்கத்தின் அமெரிக்கக் கிளையாக 1915இல் தோன்றிய அமைப்பு, கன்ட்ரி டான்ஸ் அண்ட் சாங் சொசைட்டி என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. மாசசூசெட்ஸில் பிளிமத் நகருக்கு அருகே, இரண்டு ஏரிகளுக்கிடையே உள்ள பைன்வுட்ஸ் போன்ற இடங்களில் கோடைதோறும் முகாம்கள் நடக்கின்றன. பகலெல்லாம் வகுப்பு, இரவில் எல்லோரும் கூடி ஆடுவது என்று நாட்கள் செல்லும்.

இத்தகைய முகாமில் ஒரு நடனம் சொல்லில் தொடங்கி இசையில் முடிய வேண்டும். முதலில் ஆசிரியர் ஒவ்வொரு அசைவையும் சொல்லி, இசையின்றி நடத்திக் காட்டுகிறார். நடனத்தின் எல்லா அசைவுகளும் ஒருமுறை ஆடி முடிவது ஒரு சுற்று. இசை தொடங்கிய பின்பும் சில சுற்றுகளுக்கு அடுத்த அசைவை முன்கூட்டியே அறிவிக்கிறார். பிறகு அவர் படிப்படியாகப் பேச்சைக் குறைத்து மௌனமாகிவிட, அடுத்து என்ன செய்வது என்பதை மெட்டே ஆடுபவர்களுக்கு உணர்த்தத் தொடங்குகிறது. நடனத்தின் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து இசைக்குழுவுக்குக் கைமாறும் இந்தக் கட்டம்தான் முகாமில் மிகவும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. திறமைசாலிகளான ஆசிரியரும் திறமைசாலிகளான கலைஞர்களும் ஒரே மேடையில் இருந்தும் நடனம் சோபிக்காமல் போனால், பெரும்பாலும் இந்தக் கைமாற்றம் எங்கோ தடைபட்டிருக்கும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தத் தடையோடு தொடர்புடையவை.

ஆசிரியர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது அளவுக்கு மீறிப் பேசுவது. ஒரு நடனத்தை ஒருமுறை, கடினமானதாக இருந்தால் இரண்டுமுறை, நடத்திக் காட்டினால் போதும். மூன்றாம் முறையும் நடத்தி, இடையிடையே ஒவ்வொரு அசைவின் வரலாற்றையும் விளக்கிக்கொண்டிருந்தால், ஆடுபவர்கள் கற்றதை மறந்துவிடுகிறார்கள். வில்லைப் பிடித்தபடி காத்திருக்கும் வயலின் கலைஞரின் விரல்கள் குளிர்ந்துவிடுகின்றன. இசை தொடங்கிய பிறகும் ஒலிவாங்கியை விடாமல் எல்லாச் சுற்றுகளிலும் அறிவித்துக்கொண்டே இருப்பது இதைவிடக் கெடுதலானது. அப்படிச் செய்தால் ஆடுபவர்களின் காது மெட்டைத் தேடாமல் குரலையே நம்பியிருக்கும். குரல் நின்ற மறுகணமே வரிசை தடுமாறும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் முழு வாக்கியம், அடுத்த சுற்றுகளில் ஒற்றைச் சொல், பிறகு மௌனம் என்று திட்டமிட்டுக் குறைப்பதே நல்ல பழக்கம்.

அறிவிக்கும் நேரமும் முக்கியமானது. அசைவு தொடங்கும் தாளத்திலேயே அதன் பெயரைச் சொன்னால், ஆடுபவர் கேட்டுப் புரிந்துகொண்டு காலெடுத்து வைப்பதற்குள் இரண்டு தாளங்கள் கடந்துவிடும். முந்தைய அசைவின் கடைசி இரண்டு அல்லது நான்கு தாளங்களுக்குள் சொல் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் இசையின் புதிய வரியும் புதிய அசைவும் ஒன்றாகத் தொடங்கும்.

இசைக்குழுவுடன் பேசும் மொழியை ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளாததும் வீண் குழப்பத்துக்குக் காரணமாகிறது. பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் மேற்கத்திய இசையில் பார் எனப்படும் தாள அலகுகள் எட்டு கொண்டு, இரண்டுமுறை வாசிக்கப்பட்டு, ஒரு சுற்றுக்கு மொத்தம் 32 அலகுகள் ஆகும். கலைஞர்கள் தாளில் ஏ, பி என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட பகுதிகளைத்தான் பார்க்கிறார்கள். நடனக் குறிப்பு அவர்கள் முன் இருப்பதில்லை. ஆகவே, ‘கைகோத்து வட்டமாகச் சுற்றும் இடத்திலிருந்து வாசியுங்கள்’ என்று ஆசிரியர் கேட்டால் அவர்கள் திகைக்கிறார்கள். ‘இரண்டாவது பி’ என்று சொல்லியிருந்தால் அடுத்த நொடியே வாசித்திருப்பார்கள். ஆசிரியர் தம் குறிப்பட்டையில் ஒவ்வொரு அசைவுக்கும் நேராக இந்த எழுத்துகளை எழுதிவைத்துக்கொள்வது சிறிய வேலைதான், ஆனால் வாரம் முழுவதும் பயன்தரும்.

எத்தனை சுற்று வாசிப்பது என்பதை முன்பே சொல்லாமல் விடுவதும் இதே வகைதான். நீண்ட வரிசை நடனத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஜோடிகள் ஓரிடம் நகர்ந்து புதிய ஜோடியைச் சந்திப்பதால், ஆசிரியர் விரும்பும் வரை அதைத் தொடரலாம். ஆனால் மூன்று ஜோடிகள் மட்டும் ஆடும் பல நடனங்களில், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருமுறை தலைமை இடம் கிடைத்ததும் ஆட்டம் முடிந்துவிடும். அங்கே மூன்று சுற்று என்றால் மூன்றுதான். இசைக்குழு மகிழ்ச்சியாக நான்காம் சுற்றை எடுத்துவிட்டால், வணங்கி நின்ற ஆடுபவர்கள் செய்வதறியாது நிற்பார்கள். தொடரக்கூடிய நடனங்களில் முடிவுக்கான சைகையை ஒரு சுற்றின் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். கடைசி நான்கு அலகுகளில் ஒற்றை விரலை உயர்த்தினால், அது இந்தச் சுற்றைக் குறிக்கிறதா, அடுத்த சுற்றைக் குறிக்கிறதா என்று கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள நேரும்.

காலப்பிரமாணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இருதரப்பும் சேர்ந்து செய்யும் தவறு இது. நிமிடத்துக்கு 110 அடிகள் என்ற வேகத்தில், அலகுக்கு இரண்டு அடியாக, 32 அலகு கொண்ட ஒரு சுற்று ஏறத்தாழ 35 வினாடியில் முடியும். அதையே 120 ஆக உயர்த்தினால் 32 வினாடி. தாளில் இது பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் எட்டு அடியில் முடிக்க வேண்டிய ஒரு வட்டத்துக்கு முதல் வேகத்தில் 4.4 வினாடி கிடைக்கிறது, இரண்டாம் வேகத்தில் 4 வினாடிதான். முழங்கால் வலியுள்ள அறுபது வயதுக்காரர் அழகாக நடப்பாரா, ஓடுவாரா என்பதை அரை வினாடிக்கும் குறைவான அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. ஆசிரியர் மேடையருகே வந்து, வகுப்பு நடத்திய பரபரப்போடு மெட்டை முணுமுணுத்து வேகம் கொடுத்தால், அது எப்போதும் தேவைக்கு மேல்தான் இருக்கும். முதல் அசைவைத் தாமே தரையில் நடந்து காட்டி, அந்த நடையிலிருந்து இசைக்குழு வேகத்தை எடுத்துக்கொள்வதே சரியான வழி. கலைஞர்களும் தாளை விட்டுக் கண்ணை உயர்த்தி, ஆடுபவர்களின் பாதங்களைப் பார்க்க வேண்டும். பாதம் இசைக்குப் பின்னால் தரைதொட்டால் வேகம் அதிகம். அசைவை முடித்துவிட்டுக் காத்து நின்றால் வேகம் குறைவு, அல்லது அந்த அசைவை எப்படி நிரப்புவது என்று ஆசிரியர் சொல்லித்தரவில்லை.

காத்து நிற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஹோல் இன் தி வால்’ என்ற நடனம். அதன் மெட்டு, ஹென்றி பர்செல் 1695இல் ‘அப்டெலாசர்’ நாடகத்துக்காக எழுதிய இசையிலிருந்து வந்தது. அலகுக்கு மூன்று நீண்ட தாளம் கொண்டது. அதில் மூலைக்கு மூலை எதிரெதிராக நிற்கும் இருவர் இடம் மாறிக்கொள்ள ஆறு அடி தரப்பட்டிருக்கிறது. இடையிலுள்ள தூரத்தை நான்கு அடியில் கடந்துவிட முடியும். ‘குறுக்கே கடந்து போங்கள்’ என்று மட்டும் ஆசிரியர் சொல்லிவிட்டால், எல்லோரும் நான்கு அடியில் போய்ச் சேர்ந்து, மீதி இரண்டு தாளத்துக்கு மரம்போல் நிற்பார்கள். அந்த நடனத்தின் உயிரே போய்விடும். முதல் அடிகளில் தயங்கி எழுந்து, நடுவில் கண்ணோடு கண் நோக்கி, வளைந்து திரும்பி ஆறாம் அடியில் இடத்தில் வந்து சேர வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். இசைக்குழுவும் அந்த இரண்டு அலகுகளை ஒரே மூச்சில், நடுவே வெட்டாமல் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு அலகின் தொடக்கத்தையும் அழுத்தி வாசித்தால், ஆடுபவர்களின் அடிகளும் தானாகவே குட்டையாகத் துண்டுபட்டுவிடும். சொல்லும் இசையும் எவ்வளவு நெருக்கமாகக் கைகோக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன்.

இசைக்கலைஞர்களின் பக்கம் மிகப் பெரிய சோதனை, அவர்களுடைய கற்பனை வளம்தான். பிளேஃபோர்ட் தொகுப்பில் மெட்டின் ஒற்றை வரி மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது. துணைச் சுரங்களும் பின்னணியும் வாசிப்பவரின் பொறுப்பு. அதனால் ஒரே மெட்டைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் வாசிக்கும்போது புதுப்புதுச் சங்கதிகளை நாடுவது இயல்பு, அவசியமும்கூட. ஆனால் ஆசிரியர் இன்னும் அறிவித்துக்கொண்டிருக்கும் முதல் சுற்றுகளிலேயே மெட்டை உடைத்து விளையாடினால், ஆடுபவர்களுக்கு அடையாளமே கிடைக்காது. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் மெட்டு அப்பட்டமாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் மௌனமான பிறகு சங்கதிகள் விரியலாம். அப்போதும் எட்டு அலகு முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடம் காதுக்குத் தெளிவாகப் புலப்பட வேண்டும். வயலின், புல்லாங்குழல், கான்செர்டினா மூன்றும் ஒரே நேரத்தில் எதிர்மெட்டு வாசித்து, மூல மெட்டை யாருமே வாசிக்காமல் விடுவது அடிக்கடி நேர்கிறது. இந்தச் சுற்றில் மெட்டு யாருடையது என்பதை ஒரு தலையசைப்பில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

வரலாறு சொல்லும்போது கவனம் தேவை. பிளேஃபோர்ட் இந்த நடனங்களை அமைத்தார் என்று சில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அவர் அவற்றைப் பதிப்பித்தவர். ‘மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்’ நடனத்தைக் கற்பிக்கும்போது ஜேன் ஆஸ்டின் காலத்து ஆட்டம் என்று அறிமுகப்படுத்துவது இன்னொரு பிழை. 1995இல் பிபிசி எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் எலிசபெத்தும் டார்சியும் அதை ஆடுவதால் வந்த எண்ணம் இது. அந்த நடனம் அச்சானது 1695இல், தொடருக்கு மூலமான ஆஸ்டினின் நாவல் வெளியானது 1813இல். முகாமுக்கு வருபவர்கள் ஆசிரியர் சொல்வதை வீட்டுக்கு எடுத்துச் சென்று தங்கள் ஊர்க் குழுவில் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வது நல்லது.

ஒரே முகாமில் பல ஆசிரியர்கள் இருக்கும்போது, ஒருவர் கற்பித்ததை மற்றவர் தவறென்று சொல்வது ஆடுபவர்களைப் புண்படுத்தும். சைடிங் என்ற அசைவை ஷார்ப் வளைந்து இடம் மாறும் விதமாக அமைத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்து நடன ஆசிரியர் பாட் ஷா, துணைவரின் பக்கத்தில் வந்து நின்று பின்வாங்கும் விதத்தை முன்வைத்தார். இரண்டும் இன்று ஆடப்படுகின்றன. எதை விரும்புகிறோம் என்று சொல்லிவிட்டுக் கற்பித்தால் போதும். ஆண், பெண் என்ற அழைப்புக்குப் பதிலாக லார்க், ராபின் என்ற பறவைப் பெயர்களாலோ, நிற்கும் இடத்தை வைத்தோ அழைக்கும் முறையும் அப்படித்தான்: முகாம் தொடங்கும் முன் பேசி முடிவெடுத்து, ஒரு வகுப்புக்குள் இரண்டு முறைகளைக் கலக்காமல் இருக்க வேண்டும்.

உடலையும் கருவியையும் கவனிக்காமல் விடுவது கலைஞர்களிடம் காணப்படும் மற்றொரு தவறு. காலை வகுப்பு, பிற்பகல் வகுப்பு, இரவு ஆட்டம் மூன்றிலும் வாசித்து, அதற்குப் பிறகும் நள்ளிரவு வரை கூடி வாசிப்பவர் வாரத்தின் நடுவிலேயே தோள்வலியால் துன்பப்படுவார். பைன்வுட்ஸ் போன்ற இடங்களில் நடனக் கூடங்கள் பக்கச்சுவரின்றித் திறந்திருப்பதால் ஈரக்காற்றில் சுருதி அடிக்கடி கலையும். ஆசிரியர் பேசும் நேரத்தைச் சத்தமின்றிச் சுருதி சரிபார்க்கப் பயன்படுத்தலாம். காட்டில் கொசு அதிகம் என்பதால் கையில் பூசும் விரட்டியில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால், அது வயலினின் வார்னிஷைக் கரைத்துவிடும். பூசிய கையை நன்றாகக் கழுவிய பிறகே கருவியைத் தொட வேண்டும். தாடையும் கழுத்தும் படும் இடத்தில் பூசவே கூடாது.

ஆட்டத்தின் நடுவே வரிசை குலைந்துபோகும்போது பதறுவதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கையை வீசி இசையை நிறுத்தச் சொல்கிறார். அல்லது கலைஞர்கள் தயங்கித் தாமே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் குலைந்திருப்பது பல வரிசைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். மற்றவர்களின் ஆட்டமும் அதனால் கெடுகிறது. அத்தகைய நேரத்தில் இசைக்குழு சங்கதிகளை விட்டு உடனே வெறும் மெட்டுக்குத் திரும்பி, அடுத்த சுற்றின் தொடக்கத்தை அழுத்தமாகக் காட்ட வேண்டும். ஆசிரியர் தடுமாறும் வரிசையின் அருகே சென்று, ஒலிவாங்கியைத் தவிர்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். அசைவுகளை விளக்க முற்படக் கூடாது. சரியான இடத்தில் நின்றுவிட்டால் அடுத்த 35 வினாடிக்குள் சுற்று மீண்டும் தொடங்கும், அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வார்கள்.